செக்வேயில் நிற்பவருக்குச் செய்தி சொல்வது

ஹெல்மெட் பட்டியை இறுக்கத் தெரிந்த அன்றே தாங்கள் வழிகாட்டியாகிவிட்டோம் என்று நினைக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கோபிக்காதீர்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். மெல்பர்னில் யாரா ஆற்றங்கரையோரம் வெளியூர்க்காரரைச் செக்வேயில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு திரிந்த வேலையிலிருந்து சென்ற குளிர்காலத்தோடு ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது உங்களில் சிலர், படிக்க வந்த தமிழ்ப் பிள்ளைகள், அதே சுற்றுலாக் கடையில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. போன சனிக்கிழமை உங்களில் ஒருத்தி என் வீட்டுக்கு வந்து, "அன்ரி, டிரெய்னிங் எல்லாம் முடிஞ்சுது, இனிப் பழகிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பதிலை எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகரின் மேற்கே ட்ருகனினாவில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள் நான். காலை போகும்போதும் வெயில் இல்லை, மாலை வரும்போதும் வெயில் இல்லை. ஒரு நாள் ஆற்றங்கரைக் கடை வாசலில் "வழிகாட்டிகள் தேவை" என்று எழுதியிருந்ததைப் பார்த்து உள்ளே போய்க் கேட்டேன். வீட்டில் வந்து சொன்னபோது என் மனுசன் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஐம்பது வயசு வரப்போகுது, விழுந்து கையைக் காலை முறிக்கவோ போறாய்?" என்று கேட்டார். முறித்தால் நீங்கள்தானே சமைக்க வேண்டும், அந்தக் கவலையா என்று கேட்டேன். கோப்பையைத் திரும்ப எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

செக்வே என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். வீட்டிலிருப்பவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். இரண்டு சில்லு, நடுவே ஏறி நிற்க ஒரு தட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கைபிடி. முன்னால் சாய்ந்தால் ஓடும், குதிக்காலில் பாரத்தைப் போட்டால் நிற்கும். மற்ற வாகனமெல்லாம் நாம் திருப்பினால்தான் திரும்பும். இது, நிற்பவரின் உடம்பு என்ன நினைக்கிறதோ அதைச் செய்யும். பயந்தால் பயந்தபடி ஓடும். திடுக்கிட்டால் திடுக்கிட்ட பக்கம் பாயும்.

நம்முடைய ஆட்களைப் பழக்குவதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. வெள்ளைக்காரன் விளங்காவிட்டால் விளங்கவில்லை என்பான். நம்முடைய அங்கிள்மார் எதைச் சொன்னாலும் "ஓம் ஓம், தெரியும்" என்பார்கள். ஒருவர் அப்படி "தெரியும்" என்று சொல்லி முடிப்பதற்குள் பூப்பாத்திக்குள் போய் நின்றார். விழவில்லை. பூவுக்கு நடுவில் நின்றுகொண்டு, இதைத்தான் பார்க்க வந்தவர் போல இரண்டு பக்கமும் பார்த்தார். அதனால்தான் சொல்கிறேன், வாய் சொல்வதைக் கேட்காதீர்கள், காலைப் பாருங்கள். பெருவிரல் சப்பாத்துக்குள் நெளிந்துகொண்டிருந்தால் அவருக்கு இன்னும் பயம் போகவில்லை.

இப்போது பசுபதி ஐயாவின் கதைக்கு வருகிறேன். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்.

அவரும் மனைவி லீலா அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து மகள் சுகந்தியிடம் வந்திருந்தார்கள். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மகளின் பரிசு இந்தச் சுற்றுலா. வழிகாட்டி தமிழ் அன்ரி என்று அறிந்துதான் பதிவு செய்தாள், என் கைத்தொலைபேசி எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டாள். சேலையோடு ஏற்றமாட்டேன் என்று நான் முன்பே சொல்லியிருந்ததால் லீலா அம்மா மகளின் காற்சட்டையைப் போட்டு, மேலே முழங்கால்வரை ஒரு சட்டை போட்டு, அந்தச் சட்டையை இன்னும் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். "ஆரும் தெரிஞ்ச ஆக்கள் வருவினமோ?" என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார். வந்தாலும் ஹெல்மெட்டோடு உங்களை அடையாளம் பிடிக்கமாட்டார்கள் அம்மா என்றேன். சிரித்து, அதன்பிறகு சட்டையை விட்டுவிட்டார்.

பசுபதி ஐயா அரசாங்க பஸ் சாரதி. பருத்தித்துறை வீதியில் ஓடி ஓய்வு பெற்றவர். தட்டில் ஏறி நின்றதும் வலது கால் தானாக எதையோ தேடியது.

"பிரேக் எங்க பிள்ளை?"

"உங்கட குதிக்கால்தான் ஐயா."

"அப்ப கியர்?"

"அது உங்கட நெஞ்சு. முன்னுக்குக் குடுத்தா ஓடும்."

"அட, வண்டி முழுக்க நான்தானோ!" என்றார். அதற்குப் பிறகு அவரைப் பழக்க எனக்கு வேலையே இருக்கவில்லை. பஸ்ஸைப் போலவே ஓட்டினார். நடந்து போகிறவர்களைக் கண்டால் தூரத்திலேயே வேகம் குறைப்பார், திரும்புவதற்கு முன் கையைக் காட்டுவார். ஒரு தாய் பிள்ளைத் தள்ளுவண்டியோடு குறுக்கே வந்தபோது நின்று, கையால் வழி விட்டு, "போங்கோ தங்கச்சி" என்று தமிழிலேயே சொன்னார். அந்த வெள்ளைக்காரப் பெண்ணும் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அன்று இவர்களோடு மலேசியாவில் கிள்ளானிலிருந்து தேனிலவுக்கு வந்த ஒரு தமிழ்ச் சோடியும் இருந்தது. வேறு யாரும் இல்லை. அந்தப் பெண் பிள்ளைக்கு ஐயாவை நன்றாகப் பிடித்துவிட்டது. "தாத்தா செம்மையா ஓட்றாரு" என்று கணவனை இடித்து இடித்துக் காட்டினாள். அவன் பாவம், நெட்டையன், கைபிடியை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டு வந்தான்.

எல்லோருடைய போனும் என் முதுகுப்பையில். அது கடையின் சட்டம். ஓடிக்கொண்டே படம் எடுக்கப்போய் ஆற்றில் விழுந்தவர்கள் இருப்பதால் போட்ட சட்டம். படத்தை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். பாலத்தைத் தாண்டி, துடுப்புப் படகுக் கொட்டகைகள் இருக்கும் பக்கம் வந்து, படம் எடுப்பதற்காக எல்லோரையும் நிறுத்தினேன். நல்ல வெயில். படகுப் பிள்ளைகள் தண்ணீரில் கத்திக்கொண்டு போனார்கள். ஐயா நிற்க மனமில்லாமல் புல்வெளி ஓரத்தில் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் முதுகில் பை நடுங்கத் தொடங்கியது. நிற்கும், திரும்ப நடுங்கும். எவருடைய போனோ விடாமல் அடிக்கிறது என்று பையைக் கழற்றப் போகிறேன், என் போனும் அடித்தது. சுகந்தி.

"அன்ரி, அப்பா பக்கத்தில நிக்கிறாரோ?"

குரலிலேயே விசயம் விளங்கிவிட்டது. நான்கு எட்டுத் தள்ளிப் போனேன்.

"தள்ளித்தான் நிக்கிறார். சொல்லு பிள்ளை."

"பெரிய மாமிக்குக் கடுமையாம். அப்பாவின்ர மூத்த அக்கா. நேற்று ஆஸ்பத்திரியில, வீட்டை கொண்டு போங்கோ எண்டு சொல்லிட்டினம். அப்பாக்குச் சொல்லேல்லை நாங்கள். இப்ப மூச்சு இழுக்குதாம். 'தம்பி எங்க, தம்பி எங்க' எண்டு அப்பாவைத்தான் கேக்கிறாவாம். ரவி மச்சான் அப்பாவின்ர போனுக்கு அடிச்சுக்கொண்டே இருக்கிறார். அன்ரி, தயவு செய்து போனைக் குடுத்திடாதேங்கோ."

"கதைக்கிறாவோ?"

"விட்டு விட்டுக் கதைக்கிறாவாம். அன்ரி, அப்பாக்கு நெஞ்சில ஸ்டென்ட் வச்சிருக்கு. றோட்டில நிண்டு கேட்டு ஏதும் நடந்திட்டா நான் என்ன செய்வன்? நான் சமைச்சு வச்சிருக்கிறன். டூர் முடியட்டும். வீட்டை வந்து ஒரு பிடி சாப்பிடட்டும். பிறகு ஆறுதலாச் சொல்லுவம்."

பிள்ளை அழுதுகொண்டு சொன்னாள். அவள் மீது ஒரு குற்றமும் சொல்லமாட்டேன். நம்முடைய வீடுகளில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்யப் பார்த்தாள். தூரத்தில் இருப்பவருக்குச் சாவுச் செய்தியை நேராகச் சொல்லமாட்டோம். முதலில் வீட்டுக்குக் கூப்பிடுவோம், இருத்துவோம், சாப்பிட வைப்போம், பிறகு சொல்வோம். செய்தி கேட்டால் இரண்டு நாளைக்கு அன்னம் தண்ணி இறங்காது என்ற அக்கறைதான். எனக்கும் அப்படி நடந்திருக்கிறது. என் அம்மா போன அன்று மச்சாள் ஒருத்தி எனக்குப் பிட்டும் சம்பலும் போட்டு, "சாப்பிடு, சாப்பிடு" என்று பக்கத்தில் இருந்தாள். நான் மென்றுகொண்டிருக்க எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்பினால்தான் செய்தார்கள். ஆனால் நான்கு வாய் பிட்டு உள்ளே போகிறவரை, எனக்கு மட்டும் தெரியாமல் என் அம்மா செத்திருந்தார். அதை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆற்றங்கரையில் நின்றுகொண்டு நான் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். அந்த மனுசி இன்னும் சாகவில்லை. செத்திருந்தால் சுகந்தி சொன்னபடி கேட்டிருப்பேன். கூட்டிக்கொண்டு போய் வீட்டில் ஒப்படைத்திருப்பேன், வாயே திறந்திருக்கமாட்டேன். செத்தவருக்கு அவசரமில்லை. இது தம்பியைக் கேட்டுக்கொண்டு கிடக்கிற உயிர். அவருடைய போன் என் பைக்குள் நடுங்குகிறது, அவரோ புல் ஓரத்தில் வட்டம் அடிக்கிறார். ஸ்டென்ட் விசயம் பயம்தான். ஆனால் போனைக் கொடுக்காமல் விட்டால், வாழ்நாள் முழுக்க அந்த மனிதர், "நான் அந்த நேரம் விளையாடிக்கொண்டு நிண்டனான்" என்று நினைத்துக்கொண்டிருப்பார். அதுவும் நெஞ்சுக்கு நல்லதில்லை.

"சுகந்தி, நான் அவரை இறக்கப் போறன். இறக்கி இருத்திப்போட்டுச் சொல்லப் போறன். நீ காரை எடுத்துக்கொண்டு இஞ்ச வா."

"ஐயோ வேண்டாம் அன்ரி! நான் சொல்லுறன்தானே!"

"கெதியா வா பிள்ளை," என்று வைத்துவிட்டேன். அதற்காக அவள் என்னோடு கன காலம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நியாயமான கோபம். பிறகு ஒரு தைப்பொங்கலுக்குப் பொங்கலோடு வந்து கதவைத் தட்டினாள்.

என்னைப் பழக்கிய வழிகாட்டி ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். முன்பு கடற்கரையில் உயிர்காப்பு வேலை செய்தவர். நான் சேர்ந்த புதிதில் அவர் சொன்னது ஒன்று உண்டு: மெசினில் நிற்பவரிடம் எந்தச் செய்தியும் சொல்லாதே, நல்லதோ கெட்டதோ, முதலில் ஆளை இறக்கு. லொத்தரில் பரிசு விழுந்தது என்று கேட்டு ஆற்றை நோக்கிப் பாய்ந்த ஒருவரைத் தான் சட்டைக் கொலரில் பிடித்து நிறுத்திய கதையையும் சொல்லுவார். உண்மையோ பொய்யோ தெரியாது. ஆனால் விதி உண்மை.

கிள்ளான் பிள்ளைகளிடம் போய், ஐயாவுக்கு வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று மெல்லச் சொன்னேன். அந்தப் பெண் உடனே இறங்கிவிட்டாள். "நாங்க இருக்கோம் அக்கா. வண்டிய நாங்க பாத்துக்கறோம், நீங்க அவர கவனிங்க" என்றாள். நிழலில் உட்கார ஒரு வாங்கு இருந்தது. தண்ணீர்ப் போத்தலை எடுத்து வைத்தேன். அம்புலன்ஸ் எண்ணை என் போனில் அடித்து, அழைக்காமல் வைத்துக்கொண்டேன். லீலா அம்மாவைக் கூப்பிட்டு வாங்கில் இருத்தினேன். பிறகு ஐயாவிடம் போனேன். முகத்தை எப்படி வைத்திருந்தேனோ தெரியாது.

"ஐயா, இறங்குங்கோ. கொஞ்ச நேரம் இருப்பம். அங்க கோப்பி வண்டி நிக்குது, தேத்தண்ணி ஒண்டு வாங்கியாறன், குடியுங்கோ."

அவர் இறங்கினார். இரண்டு காலும் நிலத்தில் பட்டதும் கைபிடியை விடாமல் என்னைப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை?"

"என்ன ஐயா?"

"ஆருக்கு என்ன நடந்தது எண்டு கேக்கிறன்." குரல் உயரவில்லை. "'ஒண்டுமில்லை, கொஞ்சம் சுகமில்லையாம், வா போவம்' எண்டு ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறவை எல்லாம் என்ர பஸ்ஸிலதான் ஏறினவை. ஏத்தமுதல் சந்திக் கடையில தேத்தண்ணி வாங்கிக் குடுப்பினம். குடிக்கிற ஆளுக்கு மட்டும்தான் தெரியாது. நான் கண்ணாடியில பாத்துக்கொண்டு ஓடுவன். சொல்லுங்கோ. ஆர்?"

பிள்ளைகளே, எத்தனையோ நெருக்கடிகளைப் பார்த்தவள் நான். அந்த இடத்தில் பிடிபட்டுப் போனேன். அக்கறையாகச் சொன்ன தேத்தண்ணியே என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. ஆனால் ஒன்றைச் சரியாகச் செய்தேன். எந்தச் சொல்லை முதலில் சொல்வது என்பதை அந்தக் கணத்தில் தெரிந்தெடுத்தேன்.

"இருக்கிறா ஐயா. உங்கட பெரியக்கா. இருக்கிறா. உங்களைக் கேக்கிறாவாம். ஆனா கடுமையாம்."

வாங்கில் இருந்த லீலா அம்மா எழும்பி வந்து அவர் கையைப் பிடித்தார். "இஞ்சருங்கோ, இப்ப வேண்டாம். உங்களுக்கு நெஞ்சு. வீட்டை போய்க் கதைப்பம், வாங்கோ."

"வீட்டை போக எவ்வளவு நேரம் எடுக்கும் லீலா?" என்றார். கோபமாக அல்ல, உண்மையாகவே நேரம் கேட்பது போல. அவர் கையை விட்டார் லீலா அம்மா. நான் பையைத் திறந்து போனைக் கொடுத்தேன். அது அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

வாங்கில் இருந்தபடி எடுத்தார். வீடியோ அழைப்பு. அக்காவின் மகன் ரவியின் முகம் தெரிந்தது, "மாமா" என்று மட்டும் சொன்னான், பிறகு போனைத் திருப்பினான். அங்கே விடிந்தும் விடியாத நேரம். மின்குமிழ் வெளிச்சத்தில், தலையணையில் சாய்த்து வைத்த ஒரு சிறிய முகம். வெள்ளை முடி. மூச்சு எடுப்பது இங்கே கேட்டது. "பெரியக்கா" என்றார் ஐயா. அந்த அம்மா கண்ணைத் திறந்து, போனை நெடுநேரம் பார்த்தார்.

"என்னடா அது தலையில?"

நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிட்டோம்.

"ஹெல்மெட், பெரியக்கா."

"மோட்டச்சைக்கிளோ? இந்த வயசிலயோ?"

"இல்லையக்கா. இது வேற சாமான். ரெண்டு சில்லு. நிண்டுகொண்டு ஓடுறது."

"நிண்டுகொண்டோ?" கொஞ்சம் மூச்சு எடுத்தார். "எங்க, ஓடிக் காட்டு."

ஐயா என்னைப் பார்த்தார். லீலா அம்மா என்னைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கடையின் விதிப்படியும் வேண்டாம்தான். மனம் கலங்கிய ஆளை மெசினில் ஏற்றக்கூடாது என்று நான் உங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நான் அவர் காலைப் பார்த்தேன். பெருவிரல் நெளியவில்லை. கையும் நடுங்கவில்லை. ஓட்டப்போகிற ஒரு சாரதியாகத்தான் இருந்தார். மெசினைப் பழகுபவர்களுக்கான மெதுவான வேகத்துக்கு மாற்றினேன். நடைவேகத்துக்கு மேல் அது ஓடாது. கிள்ளான் நெட்டையனைக் கூப்பிட்டு, ஆற்றுப் பக்கமாக அவரோடு சேர்ந்து நட, கைபிடியில் ஒரு கை வைத்துக்கொள் என்றேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் அவன் ஓடிவந்து நின்றான். அவனுடைய பயமெல்லாம் எங்கே போனதோ தெரியாது.

போனை நான் வாங்கி, கமெராவை அவர் பக்கம் மாற்றி, உயர்த்திப் பிடித்தேன். பாதை அந்த இடத்தில் நேராகப் போய், பெரிய மரங்கள் நிற்கும் ஒரு வளைவில் திரும்பும். ஐயா புறப்பட்டார். முதுகை நிமிர்த்தி, முகத்தை நேரே வைத்து, காற்சட்டையும் மஞ்சள் ஹெல்மெட்டுமாகப் போனார். பக்கத்தில் நெட்டையன் கூடவே நடந்தான்.

"மெல்ல," என்றது போன். "மெல்லப் போகச் சொல்லு பிள்ளை."

"மெல்லத்தான் அம்மா போறார்."

"விழமாட்டானே?"

"விழமாட்டார். நல்லா ஓடுறார். பாருங்கோ."

பார்த்தார். நான் போனைப் பிடித்த கோணத்தில் அந்த முகமும் எனக்குத் தெரிந்தது. கண் நன்றாகத் திறந்திருந்தது. சிரித்தார் என்று சொல்லமாட்டேன், ஒரு பக்கத்து உதடு கொஞ்சம் அசைந்தது. ஐயா வளைவுக்குப் போய்ச் சேர்ந்து, பழக்கதோசத்தில் கையைக் காட்டி, மரங்களுக்கு அந்தப் பக்கம் திரும்பி மறைந்தார். அடுத்த மூச்சுக்காக நான் காத்திருந்தேன். அது வரவில்லை. போனுக்குள் ரவி, "அம்மா... அம்மா" என்று கூப்பிட்டான். படம் ஆடியது, கூரை தெரிந்தது. பிறகு அவன் குரல் மட்டும், மிகவும் மெல்ல, "அன்ரி, முடிஞ்சுது" என்றது.

லீலா அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவருக்கும் கேட்டது. ஐயோ என்று குரல் எடுக்க வாயைத் திறந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து இறுக்கினேன்.

"அம்மா, அழாதேங்கோ. அவர் மெசினில நிக்கிறார்."

அந்த மனுசி என்ன செய்தார் தெரியுமா? திறந்த வாயை அப்படியே மூடினார். என் கையை நெரித்தார், நகம் பதிந்தது. கண்ணைத் துடைத்து, சட்டையை இழுத்துவிட்டு, வளைவைப் பார்த்து நேராக நின்றார். இத்தனை வருசத்தில் அதைப்போல ஒரு தைரியத்தை நான் வேறு யாரிடமும் காணவில்லை.

ஐயா மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்தார். சிரித்துக்கொண்டு வந்தார். ஒரு கையைத் தூக்கி எங்களுக்கு ஆட்டினார். நாங்களும் ஆட்டினோம். நானும் லீலா அம்மாவும், ஒருவர் கையை ஒருவர் நெரித்தபடி, மற்றக் கையை ஆட்டினோம். அவர் வந்து சேர எடுத்த நேரம் என் வேலைக்காலத்திலேயே நீளமான நேரம். வரட்டும், சிரித்துக்கொண்டே வரட்டும் என்று நினைத்தேன். முதலில் சொல்ல வேண்டும் என்று துடித்தவளும் நான்தான், இப்போது சொல்லாமல் நின்றவளும் நான்தான். இரண்டுக்கும் ஒரே காரணம் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். முதல் தரம் அவர் செய்யக்கூடிய காரியம் ஒன்று மிச்சம் இருந்தது. இந்தத் தரம் அவர் பத்திரமாக இறங்குவதுதான் மிச்சம்.

"பாத்தவவோ?" என்று தூரத்திலிருந்தே கேட்டார்.

"வாங்கோ ஐயா. வந்து இறங்குங்கோ."

மெசினை நிறுத்தினார். நெட்டையன் கைபிடியைப் பிடித்துக்கொண்டான். முதலில் ஒரு கால், பிறகு மற்றக் கால். இரண்டும் மண்ணில் பட்ட பிறகு, தேத்தண்ணி, இருங்கோ என்று ஒன்றும் சொல்லாமல் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"பெரியக்கா போயிட்டா ஐயா. இப்பதான்."

அவர் தலையை ஆட்டினார். லீலா அம்மா அப்போதுதான் அழுதார், அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். கிள்ளான் பெண்ணும் அழுதாள். ஐயா அழவில்லை. மூன்று பேருமாக அவரை வாங்கில் இருத்தினோம். நாடியைப் பார்த்தேன், ஒழுங்காக இருந்தது. ஹெல்மெட்டை நான்தான் கழற்றினேன். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது, லீலா அம்மா தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டார். பிறகு ஐயா என்னிடம் கேட்டார்.

"எதுவரைக்கும் பாத்தவ பிள்ளை?"

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். அக்கா எல்லாவற்றையும் பார்த்தார், நீங்கள் திரும்பி வந்ததையும் பார்த்துச் சிரித்தார் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கிள்ளான் பெண்ணும், அப்படிச் சொல்லுங்கள் என்பது போல என்னைப் பார்த்தாள். நல்ல பொய்தான். ஆனால் அவர் கண்ணாடியில் முகங்களைப் பார்த்துப் பார்த்து ஓடிய மனிதர். பிறகு ஒரு நாள், ஒரு இரவில், அந்தப் பொய்யைத் தனியே கண்டுபிடிப்பார். அன்றைக்கு நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். அதனால் கையை நீட்டிக் காட்டினேன்.

"அந்த வளைவு வரைக்கும் ஐயா. நீங்கள் கையைக் காட்டித் திரும்பினதைப் பாத்தவ. அதுக்குப் பிறகு இல்லை."

அவர் வளைவைப் பார்த்தார். முகம் சுருங்கும் என்று பயந்தேன். மெல்லத் தெளிந்தது.

"அவ எப்பவும் அவ்வளவுதான் பிள்ளை," என்றார். "நான் பஸ் எடுத்துக்கொண்டு எங்கட ஒழுங்கையைத் தாண்டேக்கை வாசல் படலையடியில வந்து நிப்பா. வளைவு திரும்புமட்டும் பாத்துக்கொண்டு நிப்பா. திரும்பியிட்டன் எண்டால், இனிப் பயமில்லை எண்டு உள்ளுக்குப் போயிடுவா."